அனுபவ பாத்தியதை

'வேலை உருவாக்கம்' என்ற பிரயோகத்தை இன்று யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. உருவாக்கம் என்பதைச் சிருஷ்டி என்று மாற்றிப் போட்டுப் பார்த்தால் அதிலுள்ள அபத்தம் கொஞ்சம் தெரியவரும். கடவுளுக்கும், மிகுந்த தயக்கத்தோடு கவிஞனுக்கும் நாம் விட்டுவைத்திருந்த வார்த்தை அது. ஒரு கம்பெனி முந்நூற்றைம்பது பேரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதை அந்த வார்த்தையால் குறிக்கிறோம். அதே கம்பெனி ஆலையை மூடும்போது முந்நூற்றைம்பது வேலைகளை அது அழித்துவிட்டது என்று எழுதுவதில்லை. ஊர் அவற்றை 'இழந்தது' என்கிறோம், பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு இறங்கியவனைப் பற்றிச் சொல்வதுபோல. உருவாக்கத்துக்குக் கர்த்தா உண்டு. அழிவுக்குக் கர்த்தா கிடையாது. இந்த இலக்கணத்துக்குள் ஓர் அறவியல் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். அதைத் தத்துவ நூல்களில் தேடுவதைவிட ஓர் ஊரின் சரித்திரத்தில் தேடுவது மேல். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், மஹோனிங் நதிக்கரையில் இருக்கும் யங்ஸ்டவுன் அதற்குத் தோதான ஊர். இந்த இலக்கணத்தை ஒருமுறை கோர்ட் வாசலுக்கே கொண்டுபோன ஊர் அது.

யங்ஸ்டவுன் உருக்கு ஊராக ஆனதற்குக் காரணம் அதன் காலடியில் இருந்த கரி. 1840களில் ப்ரையர் ஹில் என்ற மேட்டில் வெட்டியெடுத்த நிலக்கரி, கற்கரியாகச் சுடாமல் அப்படியே ஊதுலையில் போடத் தகுந்ததாக இருந்தது. கரி இருந்ததால் உலை வந்தது. பிறகு கரி தீர்ந்தது, உலை போகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் இரும்புத் தாது மினசோட்டாவிலிருந்து ஏரிகளின் வழியாகவும், கற்கரிக்கான கரி பென்சில்வேனியாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தன. ஊரின் சொந்தச் சரக்கு என்று மிஞ்சியவை நதியும் ஆட்களும்தான். வரிசையாக நின்ற ஆலைகள் நதித் தண்ணீரை எடுத்து எடுத்துச் சூடாக்கி விட்டதில் கடுங்குளிரிலும் மஹோனிங் உறையாமல் ஓடியது. ஆட்கள் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும், அமெரிக்கத் தெற்கின் பருத்திக் காடுகளிலிருந்தும் வந்தார்கள். 1930ல் ஊரின் ஜனத்தொகை 1,70,000. 2020 கணக்கெடுப்பில் அது 60,000.

உருக்கு நாட்களைப் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1916 ஜனவரியில் யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் ட்யூப் கம்பெனி ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது காவலாட்கள் சுட்டார்கள். அன்றிரவு கிழக்கு யங்ஸ்டவுன் எரிந்தது. அந்த இடத்துக்கே பின்னால் கம்பெனித் தலைவரின் பெயரை வைத்து காம்ப்பெல் என்றாக்கினார்கள். கறுப்பர்களை வெகுகாலம் கற்கரி உலைகளின் பக்கமும் அதைப்போன்ற பொசுங்கும் வேலைகளிலும்தான் நிறுத்தினார்கள். ஆலைக்கும் ஊருக்கும் இருந்தது அன்பு அல்ல. ஆனால் உறவுக்கு அன்பு ஒரு நிபந்தனை அல்லவே. ஒரே வீட்டில் அறுபது வருஷம் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்ததும் உறவுதான். பாத்தியதை அதிலும் உண்டாகிறது.

1969ல் ஷீட் அண்ட் ட்யூப் கம்பெனியை நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த லைக்ஸ் என்ற கப்பல் கம்பெனி வாங்கியது. வாங்கியவன் சிறியவன், வாங்கப்பட்டது பெரியது; இடைவெளியை நிரப்பியது கடன். வங்கியில் லெட்ஜர் பார்க்கிறவனுக்கு இதன் பிற்பாடு என்னவென்று சொல்லத் தேவையில்லை. பழைய உலைகளைப் புதுப்பிக்கப் போகவேண்டிய பணம் வேறு வழிகளில் போயிற்று. 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, காம்ப்பெல் ஆலையின் பெரும்பகுதியை மூடுவதாக அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு வேலை போயிற்று. அந்த நாளை ஊர் இன்னும் கறுப்புத் திங்கள் என்று சொல்கிறது.

இதற்குப்பின் நடந்ததுதான் என் விஷயம். பல சபைகளைச் சேர்ந்த குருமார்களும் யூத ரபிகளும் தொழிலாளர்களும் கூடி, ஆலையை ஊரே வாங்கி நடத்தலாம் என்று முடிவு செய்தார்கள். உள்ளூர் வங்கிகளில் இதற்கென்று சேமிப்புக் கணக்குகள் திறக்கப்பட்டன. 'நம் பள்ளத்தாக்கைக் காப்போம்' என்பது அந்தக் கணக்குகளின் பெயர். சில மில்லியன் டாலர்கள் சேர்ந்தன. ஓர் உருக்காலைக்கு அது உப்புக்குக் காணாது. ஆனாலும் ஒரு சேமிப்புக் கணக்கு என்னென்ன காரியங்களுக்குத் திறக்கப்படுகிறது என்று தினமும் பார்க்கிறவன் என்ற முறையில், ஓர் ஊர் தன் உத்தேசத்தைப் பாஸ் புத்தகத்தில் எழுதி வைத்ததை என்னால் லேசாகத் தாண்டிப் போக முடியவில்லை. இது நன்கொடை இல்லை. ஆர்ப்பாட்டமும் இல்லை. உரிமை கோருகிறவன் முன்பணம் கட்டுகிற மாதிரி. கடனுக்கு ஜாமீன் நிற்க வாஷிங்டன் 1979ல் மறுத்துவிட்டது. அதே வருஷம் ப்ரையர் ஹில் ஆலை மூடியது. நவம்பரில் யு. எஸ். ஸ்டீல் கம்பெனியும் தன் இரண்டு ஆலைகளை மூடப்போவதாகச் சொல்லிற்று. இதில் 3,500 பேர்.

வழக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. தொழிலாளர்கள் பக்கம் வக்கீல்களில் ஒருவர் ஸ்டாட்டன் லிண்ட். சரித்திரப் பேராசிரியராக இருந்தவர். 1965ல் ஹனோய்க்குப் போய்வந்த பிறகு பல்கலைக்கழகங்களின் கதவுகள் அடைபட்டுப்போய், நடுவயதில் சட்டம் படித்தவர். முதல் வாதம் வாக்குத் தவறியது பற்றி. இலாபம் காட்டினால் ஆலை நடக்கும் என்று மேலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்; ஆட்களும் முறுக்கிக்கொண்டு வேலை செய்து இலாபம் காட்டிவிட்டார்கள். எந்த இலாபம் என்பதில் கோர்ட் சிக்கியது. ஆலையின் நேரடி வரவு செலவைப் பார்த்தால் இலாபம்; தலைமையகச் செலவுகளையும் பங்கு பிரித்து ஏற்றினால் நஷ்டம். கம்பெனியின் கணக்கையே கோர்ட் ஏற்றுக்கொண்டது. கணக்கு எழுதுகிற முறைக்குள்தான் நியாயம் முதலில் தோற்கிறது. இலக்கியக்காரர்கள் கணக்கைக் கீழான விஷயமாக நினைப்பதால் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டாவது வாதம் விசித்திரமானது. அதைக் கொடுத்தவரே நீதிபதி என்று சொல்லலாம். 1980 பிப்ரவரியில் விசாரணையின் நடுவே நீதிபதி தாமஸ் லாம்ப்ராஸ் உரக்க யோசித்தார். இத்தனை காலம் இந்த ஊர் தன் ஆயுளை இந்தத் தொழிலுக்குக் கொடுத்திருக்கிறது. இந்த நீண்ட உறவிலிருந்து ஒரு சொத்துரிமை உண்டாகியிருக்க வேண்டாமா? கம்பெனி இங்கேயே இருந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற அளவுக்கு இல்லாவிட்டாலும், ஊரைப் பாழாக விட்டுவிட்டுப் போகமுடியாது என்று சொல்கிற அளவுக்காவது? இது அவர் பேச்சின் சாரம். வக்கீல்கள் உடனே மனுவைத் திருத்தி, நடைபாதை உரிமையைப் போன்ற ஓர் உரிமை ஊருக்கு உண்டு என்று சேர்த்தார்கள்.

நம் பத்திர பாஷையில் இதற்கு ஒரு சொல் தயாராக இருக்கிறது: அனுபவ பாத்தியதை. அடுத்தவன் நிலத்தின் வழியே இருபது வருஷம் தடையில்லாமல் நடந்தவனுக்கு அந்தத் தடத்தின்மேல் உரிமை வந்துவிடுகிறது என்று நம்முடைய 1882ம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. ஆங்கிலச் சட்ட மரபில் பிறந்த எல்லா இடத்திலும் இதைப்போல ஒன்று உண்டு. நிலம் நடந்தவனுடையது ஆகிவிடாது. நடந்ததும் இல்லையென்று ஆகிவிடாது. கோர்ட்டின் முன் யங்ஸ்டவுன் வைத்த கேள்வி இவ்வளவுதான்: வரப்பில் நடந்தவனுக்கு உண்டாவது, உலையின் முன் மூன்று தலைமுறை நின்றவனுக்கு ஏன் உண்டாவதில்லை?

மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது லாம்ப்ராஸ் தன் யோசனையைத் தானே கைவிட்டார். ஊரின் ஜீவனை இத்தனை வருஷம் உறிஞ்சிய கம்பெனி அதைச் சிதைத்துவிட்டுப் போவது தகாது என்றும், ஆனால் இந்தப் புதிய உரிமையை அங்கீகரிக்கும் உபகரணம் தேசத்தின் சட்டத் தொகுப்பில் இப்போது இல்லை என்றும் வருத்தத்தோடு எழுதினார். மேல் கோர்ட், இதெல்லாம் காங்கிரஸ் சபை தீர்மானிக்கவேண்டியது என்று முடித்துவிட்டது. தொழிலாளர்கள் ஆலையை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். கம்பெனி விற்க மறுத்தது. 1982ல் ஊதுலைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

'உபகரணம் இல்லை' என்ற இந்த வாக்கியத்தில் நான் வெகுநாள் நின்றுவிட்டேன். பாவமான, கண்ணியமான வாக்கியம். ஆனால் அது உண்மையா? சட்டத்துக்குக் கற்பனை போதாது என்று நாம் நம்பவேண்டியிருக்கிறது. சட்டத்தின் கற்பனை எவ்வளவு தூரம் போகும் என்பது அதே பிரதேசத்தின் மண்ணுக்கடியில் தெரிகிறது. பூமிக்குள் இருக்கும் வாயு யாருடையது என்ற கேள்வி 1889ல் பென்சில்வேனியாவில் வந்தபோது, அங்கத்திய உச்ச நீதிமன்றம் எண்ணெயையும் வாயுவையும் காட்டு மிருகத்துக்கு ஒப்பிட்டது. வேலி தாண்டி ஓடும், பிடித்தவனுக்குச் சொந்தம். நல்ல கவிஞன் பொறாமைப்படத் தகுந்த உருவகம். பிறகு வாயுவுக்கு வேலி தெரியாது என்பதாலேயே இன்னொன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. ஒஹையோவின் சட்டப்படி, ஒரு வாயுத் தேக்கத்துக்கு மேலுள்ள பரப்பில் 65 சதவீத நிலத்தின் சொந்தக்காரர்கள் சம்மதித்து, அரசு அதிகாரியும் உத்தரவிட்டால், சம்மதிக்காதவன் நிலமும் அந்தக் கூட்டில் சேர்க்கப்படும். பல பேருடைய தனிச் சொத்தை ஒரே உடம்பாகப் பாவித்து, மறுப்பவனையும் பங்குதாரனாக்கி, பங்கைக் கணக்கிட்டுக் கொடுக்கிற உபகரணம் அது. ஆக, ஒரு பிரதேசத்தின் ஜனங்களைச் சமூகமாக்கிப் பார்க்கச் சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. பாறைக்குள் வாயு இருந்தால் தெரிகிறது. 3,500 குடும்பங்கள் ஒரே தேக்கத்திலிருந்து பிழைத்தபோது தெரியவில்லை.

நம் பழைய கிரயப் பத்திரங்களில் நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று ஒரு ஜாபிதா வரும். யாரும் பார்த்திராத புதையல்வரை வாங்குகிறவனுக்குப் போய்ச் சேர்கிறது. அந்த நிலத்தில் உழுதவன் அந்த ஜாபிதாவில் இல்லை. ஜான் லாக் உழைப்பைக் கலந்தவனுக்கே பொருள் சொந்தமாகிறது என்றவர்; அவரும் அதே பக்கத்தில் வேலைக்காரன் வெட்டிய புற்கட்டி எஜமானனுக்குச் சொந்தம் என்பதைக் கண்ணிமைக்காமல் சேர்த்துக்கொள்கிறார். யங்ஸ்டவுனின் வழக்கு தோற்றது 1980ல் அல்ல, 1689ல் என்றுகூடச் சொல்லலாம்.

முப்பது வருஷம் கழித்து வாயு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊர் என்னென்னவற்றையோ 'உருவாக்கி'ப் பார்த்தது. 1997லும் 98லும் சிறைச்சாலைகள் வந்தன. 2005ல் ஊர் இனிப் பெரிதாகாது என்று ஒப்புக்கொண்டு, சுருங்குவதற்கே ஒரு திட்டம் போட்டார்கள். அமெரிக்க நகரசபைகளில் அது அபூர்வமான நேர்மை. பிறகு ஆழத்தில் யூடிகா என்ற ஷேல் பாறைக்குள் வாயு இருக்கிறது, தண்ணீரையும் மணலையும் ரசாயனங்களையும் அழுத்திச் செலுத்திப் பாறையைப் பிளந்தால் வெளியே வரும் என்றார்கள். பிளப்பதற்குக் குழாய் வேண்டும். வாலூரெக் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 65 கோடி டாலரில் ப்ரையர் ஹில் மனையிலேயே புதிய குழாய் உருட்டாலை ஒன்றைக் கட்டுவதாக 2010ல் அறிவித்தது, 350 வேலைகள். அமெரிக்க ஜனாதிபதி நேரில் வந்து பேசினார். 350 என்ற எண்ணை ஐயாயிரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற துக்கத்தை அன்று யாரும் வெளியே சொல்லவில்லை. மூன்று தலைமுறை கேட்டும் கிடைக்காத உரிமை வெகுமதியாக வரும்போது எண்ணிப் பார்ப்பது மரியாதை அல்ல.

வாயு எடுக்கும்போது வெளிவரும் உப்புக் கழிவுநீரை எங்கேயாவது கொட்டவேண்டும். பெரும்பாலும் பென்சில்வேனியாவின் கழிவு. அதை 2010 டிசம்பரிலிருந்து யங்ஸ்டவுனில் ஒரு ஆழ்கிணற்றில் அழுத்தி இறக்கினார்கள். அதற்குமுன் நிலநடுக்கம் பதிவாகாத ஊரில் 2011ல் பூமி திரும்பத் திரும்ப அதிர்ந்தது. டிசம்பர் 30 அன்று கிணறு நிறுத்தப்பட்டது. மறுநாள் வந்த அதிர்ச்சி ரிக்டரில் 4ஐ ஒட்டியது. 2012ல் நகரசபை, ஊருக்குச் சொந்தமான நிலத்தின் அடியிலுள்ள வாயுவைக் குத்தகைக்கு விட அனுமதித்தது. எதற்குத் தெரியுமா? அந்தப் பணத்தில் ஆளில்லாத வீடுகளை இடிக்க. ஒரு ஊர் தன் வீடுகளை இடிப்பதற்காகத் தன் அஸ்திவாரத்தை வாடகைக்கு விடுவது என்ற இந்த ஒரு விவரத்துக்காகவே இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

ஊருக்குள் இப்படித் துளைபோடுவதைத் தடைசெய்யும் திருத்தம் 2013 முதல் பலமுறை வாக்குக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் ஊரே அதைத் தோற்கடித்தது. தொழிற்சங்கங்களில் சிலவும் தடைக்கு எதிராக நின்றன. இதைக் கேட்டதும் நம் நண்பர்கள் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, ஜனங்களின் பொய்ப் பிரக்ஞை. மற்றது, பசித்தவனுக்குப் பூமி பற்றிய கவலை ஆடம்பரம். இரண்டிலும் அந்த ஜனங்கள்மேல் ஒரே அளவு இளக்காரம் இருக்கிறது. 2017ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் வேண்டாம் என்றவர்களுக்கு மறுப்பதற்கு ஓர் இடம் இருந்தது. நெல்லும் பலாவும் நின்ற இடம் அது. மறுக்க முடிவதும் ஒருவகைச் சொத்துதான். யங்ஸ்டவுனில் அது 1980லேயே கோர்ட்டில் பறிபோய்விட்டது. உரிமை கேட்டவர்களைக் கொடை கேட்பவர்களாக மாற்றிவிட்டு, பிறகு அவர்கள் முன் ஒரு வாக்குச்சீட்டை வைத்து உங்கள் சுதந்திரச் சம்மதம் என்ன என்று கேட்பது சம்மதத்தின் கேலிச்சித்திரம். அந்த வாக்கை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. பேதைமையாகவும் எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

கதையின் மிச்சம் சட்டென்று முடிந்துவிடுகிறது. பாறை அந்தப் பக்கத்தில் எதிர்பார்த்தபடி வாயு தரவில்லை. பக்கத்து மாவட்டத்தில் பெரும் பரப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த பிபி 2014ல் விலகிக்கொண்டது. துளைபோடுகிறவர்கள் ஒஹையோவின் தெற்கே நகர்ந்தார்கள். எண்ணெய் விலை விழுந்ததும் குழாய் ஆலையிலும் ஆட்குறைப்பு வந்தது. ஆயிரம் மெகாவாட்டை ஒட்டிய ஒரு வாயு மின் நிலையம் 2018ல் பக்கத்து லார்ட்ஸ்டவுனில் ஓட ஆரம்பித்தது. அப்படிப்பட்ட நிலையத்தை நடத்த இருபது முப்பது பேர் போதும். சக்தியும் வேலையும் ஒன்றாகவே வரும் என்பது நிலக்கரிக் காலத்துப் பழக்கம். கரியை மனிதன் வெட்டி, மனிதன் சுமந்து, மனிதன் போட்டான். வாயு தானாக வருகிறது. வந்தபிறகு யாரும் வேண்டியதில்லை. 'எரிசக்தியால் வேலை' என்கிறவர்கள் பழைய எரிபொருளின் ஞாபகத்தைப் புதிய எரிபொருளின்மேல் கடன் வாங்குகிறார்கள்.

ஸிமோன் வேய் 1934-35ல் பாரிஸ் ஆலைகளில் யந்திரத்தின் முன் நின்றவர். 1943ல் லண்டனில் எழுதியபோது, கடப்பாடு உரிமைக்கு முந்தியது என்ற இடத்திலிருந்து அவர் ஆரம்பிக்கிறார். உரிமை என்பது இன்னொருவர் ஒப்புக்கொண்டால்தான் உயிர் பெறும். கடப்பாடு யார் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இருக்கிறது. லாம்ப்ராஸ் சிக்கியது இந்த இடத்தில்தான் என்று படுகிறது. கம்பெனிக்கு ஊரின்பால் கடப்பாடு இருப்பதை அவர் கண்டுவிட்டார். கண்டதைச் சொத்து என்ற பாஷைக்குள் மொழிபெயர்க்கப் பார்த்தார். அந்த பாஷையில் ஊர் என்ற பெயர்ச்சொல்லே இல்லை. ஆனால் வேயின் வழியில் போனாலும் ஒரு சிக்கல் தீர்வதில்லை. கடப்பாடு உள்ளவனே கரைந்துபோனால் என்ன செய்வது? லைக்ஸ் இன்னொரு கம்பெனியில் கலந்தது. அது 1986ல் திவாலானது. கடன்பட்டவர் இறந்தாலும் வாரிசைத் தேடிக் கடிதம் எழுதுகிற உத்தியோகத்தில் இருக்கிற எனக்கு, வாரிசே இல்லாமல் சாகத் தெரிந்த ஒரே கடன்காரன் கம்பெனிதான் என்பது ஆச்சரியமாக இருக்கிறது.

உபகரணத்துக்கே திரும்ப வருகிறேன். 1952ல் கொரிய யுத்தத்தின்போது ஜனாதிபதி ட்ரூமன் உருக்காலைகளைக் கைப்பற்றியதைச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. அந்த வழக்கின் பெயரில் முன்னால் நிற்பது யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் ட்யூப்தான். அரசியல் சட்டம் படிக்கும் ஒவ்வொரு அமெரிக்க மாணவனுக்கும் அந்த ஊர் ஒரு வழக்கின் பெயராகத்தான் தெரியும். 1988ல் பெரிய ஆலைகளை மூட அறுபது நாள் நோட்டீஸ் தரவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை. 2025 ஜூனில் யு. எஸ். ஸ்டீலை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கியது. விற்பனைக்குச் சம்மதம் தருவதற்கு விலையாக அமெரிக்க அரசு அதில் ஒரு 'தங்கப் பங்கு' வாங்கிக்கொண்டது. ஒரே ஒரு பங்கு. தலைமையகத்தை பிட்ஸ்பர்கிலிருந்து மாற்றவோ, பெயரை மாற்றவோ, சில ஆலைகளை மூடவோ ஜனாதிபதியின் சம்மதம் வேண்டும். தேசத்தின் சட்டத் தொகுப்பில் இல்லை என்று ஒரு நீதிபதி வருந்திய உபகரணத்தை, அதே கம்பெனிக்கு, நாற்பத்தைந்து வருஷம் கழித்துச் சில மாதப் பேச்சுவார்த்தையில் செய்துவிட்டார்கள். அது ஜனாதிபதியின் கையில் இருக்கிறது, எந்த ஊரின் கையிலும் இல்லை. யங்ஸ்டவுனில் மூடுவதற்கு அந்தக் கம்பெனியின் ஆலை எதுவும் மிச்சமில்லை.